மலையகத்துக் குப்பையும் முருகைப் பாறைகளின் நோயும்

1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயினால் மலையகத்தின் கோப்பிச் செய்கை அழிந்தொழிந்ததை நாம் அறிவோம். கோப்பி போனதும் தேயிலையை நட முடிந்தது. ஆனால் கடலடியில் முருகைப் பாறைகள் நோயினால் அழியுமாயின், அவற்றின் இடத்தை நிரப்ப வேறொன்றில்லை.

முருகை வெறும் கல்லன்று. கூட்டமாக வாழும் சிற்றுயிர்களின் உறைவிடமாகும். மீன்கள் பெருகுவதும், கரையோரம் அலைகளிலிருந்து காக்கப்படுவதும் அதனாலேயே. 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்தபோது கற்பிட்டி, ஹிக்கடுவைக் கடல்களில் முருகைகள் வெளிறி மடிந்தன. இவ்வாறு நலிவுற்றவற்றை நோய்க் கிருமிகள் எளிதில் பற்றுகின்றன.

ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் 159 பாறைத் தொடர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு அதிர்ச்சியளிப்பதாகும். பிளாஸ்டிக் படிந்த முருகைகள் நோயுறும் வாய்ப்பு நூற்றுக்கு 4 இலிருந்து 89 ஆக உயர்கிறது. பிளாஸ்டிக் முருகையைக் கீறிக் காயப்படுத்துகிறது, ஒளியை மறைக்கிறது, கிருமிகளையும் சுமந்து வருகிறது.

கடலுக்கும் கினிகத்தேனைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இங்கிருந்து கித்துல்கலைப் பக்கமாக இறங்கும் ஓடைகள் களனி கங்கையிற் கலந்து, கொழும்புக்கு வடக்கே கடலை அடைகின்றன. ஓடையில் வீசும் பொலித்தீன் பையும் அவ்வழியே செல்லும்.

இதற்காகத் தோட்ட மக்களை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. லயன்களுக்குக் குப்பை வண்டி வராவிடின் ஓடையே குப்பைத் தொட்டியாகும். பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். கரையோர மீனவரின் வாழ்வும் இதிலேயே தங்கியுள்ளது.