சேணத்துக்குக் கைச்சக்கரம் ஏன்?

துணியில் ஊசி போன துளையை இழைகள் நெருங்கி மறைத்துவிடும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். சேணம் தைப்பவர்களுக்கு இது தெரியும்.

கையால் சக்கரம் சுற்றும் தையல் எந்திரத்துக்கு மவுசு அதனால்தான். மெல்லச் சுற்றி, ஊசி இறங்கும் இடத்தைப் பார்த்தே தைக்கலாம். வாங்குமுன் தடித்த தோலை மடித்துத் தைத்துப் பார்ப்பது நல்லது: சக்கரம் திணறக்கூடாது, மேல்நூலும் பாபின் நூலும் தோலின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். துணி தைக்கும் ஊசி இதற்கு உதவாது. தோலை வெட்டி இறங்கும் முனை வேண்டும்.

ஆனாலும் சவாரிக்காரரின் எடை தொங்கும் அங்கவடி வாருக்குக் கைத்தையலே பத்திரம். ஒரே நூல், இரு முனையிலும் ஊசி; ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகக் கடக்கும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். எந்திரத் தையலோ அறுந்த இடத்திலிருந்து பிரியத் தொடங்கும்.