கால்நடை மருத்துவருக்குக் கணிப்பொறியின் துணை

கறவை மாடானாலும் கிடை போடும் மலைமாடானாலும், கம்பம் பள்ளத்தாக்கு உழவருக்கு அது குடும்பச் சொத்தாகும். முன்பின் கண்டிராத நோய் வந்தால், மருத்துவர் விவரங்களை எங்கே தேடுவார்? இதனை உழவர் பெருமக்களும் அறிந்திருப்பது நல்லது.

நூல்களும் கணிப்பொறியும்

உலகெங்கும் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்கள் கணிப்பொறியில் தொகுக்கப்படுகின்றன. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தன் தொகுப்பை 1997 முதல் 'பப்மெட்' வழியே இலவசமாக வழங்கி வருகிறது. நம் நாட்டு வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்கள் ஆய்விதழ்களைப் படிக்க, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் 'செரா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வாய்ப்பாகும்.

தேடும் முறை

'மாடு' என்று மட்டும் கேட்டால் கட்டுரைகள் மலைபோல் குவியும். 'மாடு', 'காய்ச்சல்', 'தோல் கட்டி' ஆகிய மூன்றும் உள்ளவற்றை மட்டும் கேட்டால், தூற்றும்போது பதர் பறந்து மணி நிற்பதுபோல, வேண்டியவை மிஞ்சும். 'கட்டி' என்பதைச் சிலர் 'கழலை' என்று எழுதியிருப்பர். ஆகவே இரண்டு சொற்களையும் கொடுத்துத் தேட வேண்டும். கிடைத்தவற்றுள் நம் மாட்டுக்கு ஏற்றது எது என்று முடிவு செய்பவர் மருத்துவரே; கணிப்பொறி அன்று.

ஓர் எடுத்துக்காட்டு

தோல் கழலை நோய் இந்தியாவில் 2019-இல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டது. நமக்குப் புதிதாயினும், ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில் 1929-லேயே அறியப்பட்ட நோய் இது. ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் இது பரவும் என்பதும், இக்கிருமி வெள்ளாட்டு அம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவு என்பதும் நூல்களில் இருந்தன. ஆகவே வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட்டுப் பாதுகாக்க முடிந்தது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

மருத்துவர் தேடும் சொற்கள் நாம் கூறும் விவரங்களிலிருந்தே பிறக்கின்றன. தவறான விவரம் தவறான இடத்துக்கே கொண்டு செல்லும். எனவே கீழ்க்கண்டவற்றைக் குறித்து வைத்துக் கூறவும்.

1. மாட்டின் வயது, சினை, காதுவில்லை எண்.
2. முதலில் தோன்றிய அறிகுறி, அது தோன்றிய நாள்.
3. மலையில் மேய்ந்ததா, கொட்டிலில் கட்டித் தீனி போடப்பட்டதா என்ற விவரம்.
4. நோய் கண்ட பிற மாடுகளின் எண்ணிக்கை. சந்தையில் புதிதாக வாங்கிய மாடு உண்டா என்ற விவரம்.
5. போட்ட தடுப்பூசி; ஏற்கனவே கொடுத்த மருந்து, நாட்டு மருந்து உட்பட.

நோயுற்ற மாட்டை உடனே தனியே கட்டி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும். மாட்டை ஓட்டிச் செல்ல இயலாதபோது 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.