ஹெட்டுக்குள் எவ்வளவு இடம்?

1990களில் பொருளாதாரத் தடையால் இலங்கையின் வடக்கில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, ஒஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கார்கள் அதைத் தாங்கியதற்கு முக்கிய காரணம், அவற்றின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததுதான்.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது மேலே உள்ள இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு வலு கிடைக்கும். ஆனால் அளவு மீறினால், பிளக்கின் தீ போய்ச் சேருமுன்பே மிச்சக் கலவை சூட்டில் தானாக வெடிக்கும். எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவது அதனால்தான். தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். மன்னார் வெயிலில், உள்ளே போகும் காற்றே சூடாக இருப்பதால், இந்த ஆபத்து இன்னும் கூடும்.

நானாட்டானில் ஒருவர் 1098 சிசி மொறிஸ் மைனரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 274.5 சிசி. விகிதம் 8.5 ஆக இருக்க வேண்டுமென்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 36.6 சிசி. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் குழி, கஸ்கட்டின் தடிப்பு, பிஸ்டன் தலையின் பள்ளம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஐம்பது அறுபது வருடத்தில் ஹெட் வளைந்திருக்கும், அதன் முகத்தைச் சீவி மட்டமாக்கியிருப்பார்கள். ஒவ்வொரு சீவலிலும் குழி ஆழம் குறையும். 3 சிசி குறைந்தாலே விகிதம் 9.2க்குப் போய்விடும். 3 சிசி என்பது ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு.

இதய வடிவில் வளைந்த அந்தக் குழியை அடிமட்டத்தால் அளக்க முடியாது, திரவத்தால் அளக்கலாம். வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். குழியின் விளிம்பில் மெல்லிதாகக் கிறீஸ் பூசி, சிறு துளையிட்ட தடித்த பேர்ஸ்பெக்ஸ் தகட்டை அழுத்தி மூட வேண்டும். துளை இருக்கும் பக்கம் சற்றே உயர்ந்திருந்தால் காற்று அந்த வழியாக வெளியேறும். உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் நியமிப்புக்குப் பயன்படுத்தும் அளவியால் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டும். தண்ணீரைவிட அது மூலைகளில் எளிதாகப் பரவும், துருவும் பிடிக்காது. கடைசிக் குமிழி வெளியேறித் திரவம் துளையைத் தொட்டதும் அளவியை வாசித்தால், இறங்கிய அளவே குழியின் கொள்ளளவு.

நான்கு குழிகளையும் இப்படி அளந்து, சிறியதைக் கொஞ்சம் அராவிப் பெரியதோடு சமப்படுத்தினால் நான்கு சிலிண்டரும் ஒரே வலுவில் இழுக்கும். மொத்த இடமே குறைந்துவிட்டால் தடித்த கஸ்கட் போடலாம். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள், அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது, சீவக் கொடுக்குமுன் ஒருமுறையும் வந்தபின் ஒருமுறையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்களை எழுதி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து அந்த எஞ்சினைத் திறப்பவருக்கு அவை உதவும்.