விற்காத தட்டுக்குத்தான் விலை

பழைய பாப் 'சிங்கிள்' தட்டுகளைச் சேர்ப்பவர்களின் சந்தையில் கணக்கு தலைகீழாக ஓடும். சக்கைப்போடு போட்ட பாட்டின் தட்டு, லண்டன் தெருவோரப் பழைய பொருள் கடையில் தூசி படிந்த அட்டைப்பெட்டிக்குள் சில்லறைக் காசுக்குக் கிடக்கும். வெளிவந்தபோது ஒருவரும் சீந்தாத பாட்டின் தட்டு, ஏலத்தில் வீடு வாங்கும் விலைக்குப் போகும்.

பீட்டில்ஸின் 'ஷீ லவ்ஸ் யூ' 1963இல் வந்தது. பிரிட்டனில் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதனாலேயே இன்றைக்கும் எங்கு தேடினாலும் அகப்படுகிறது. அதே குழுவின் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் 'குவாரிமென்' என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருந்த 1958இல், லிவர்பூலில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதினேழரை ஷில்லிங் கொடுத்து ஒரே ஒரு தட்டு வெட்டிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பியானோ வாசித்த ஜான் டஃப் லோவிடம் போய்ச் சேர்ந்தபோது சுற்று அங்கேயே நின்றுவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் அவர் வீட்டில் கிடந்ததை 1981இல் மெக்கார்ட்னி விலை பேசி வாங்கினார். உலகத்திலேயே விலை மதிக்க முடியாத தட்டு என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். அதில் பாடியிருக்கும் விதம் ஒன்றும் பிரமாதமில்லை.

சிங்கிள் என்று நாம் சொல்லும் ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, 1949இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் கொண்டுவந்தது. முந்தைய வருஷம் கொலம்பியா விட்ட நீண்ட நேரத் தட்டுக்கு இது பதிலடி. தொடக்கத்தில் பாட்டின் வகைக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள்: சாஸ்திரிய இசைக்குச் சிவப்பு, கிராமியப் பாட்டுக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள். அந்தக் கூத்து நீடிக்கவில்லை. நடுவிலிருந்த பெரிய துளை மட்டும் அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்கள் இந்தத் தட்டைச் சுவீகரித்துக்கொண்ட பிறகு, பாப் பாட்டு என்றால் மூன்று நிமிஷம் என்ற எழுதாத சட்டம் இன்னும் இறுகிற்று.

வினைல், வினைல் என்கிறோமே தவிர எல்லாம் வினைல் இல்லை. அறுபதுகளின் அமெரிக்க சிங்கிள்களில் பல, செலவு மிச்சம் என்று பாலிஸ்டைரீனில் வார்க்கப்பட்டவை. கையில் எடுத்தாலே பழகியவருக்குத் தெரிந்துவிடும். வினைலில் லேபிள் காகிதம் தட்டோடு சேர்ந்தே அழுத்தப்பட்டு அதன் உடம்பாகிவிடும். ஸ்டைரீனில் பெரும்பாலும் மேலே ஒட்டியிருக்கும், ஓரம் பெயர்ந்து நிற்கும். தேய்ந்த முள் பட்டால் ஸ்டைரீன் தாங்காது. வானொலி நிலையத்திலிருந்து வந்த தட்டு என்றால் இன்னும் மோசம். அறிவிப்பாளர் பாட்டின் முதல் எழுத்துக்குச் சரியாக முள்ளை நிறுத்தத் தட்டை முன்னும் பின்னும் உருட்டியிருப்பார். அந்தத் தொடக்க நொடிகளில் மட்டும் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரு இரைச்சல், பிறகு பாட்டு பளிச்சென்று வரும். கெட்டிக்கார சேகரிப்பாளர் அதைக் குறையாக நினைப்பதில்லை. இந்தத் தட்டு எங்கேயோ ஒரு ஊரில் உண்மையாகவே ஒலிபரப்பாகியிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அது.

பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதன் கதைகள் தனி. கடைக்காரர் கேட்பதும் வானொலி போடுவதும் முன்பக்கப் பாட்டை. ஆனால் தட்டு விற்றால் இரண்டு பக்கப் பாட்டெழுதியவர்களுக்கும் காசு உண்டு. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், வானொலிக்காரர்கள் தப்பித்தவறிக்கூடப் பின்பக்கத்தைப் போட்டுவிடக் கூடாது என்று அங்கே வாத்தியக்காரர்களின் பொழுதுபோக்கு வாசிப்பை நிரப்புவார். ரோனெட்ஸின் 'பி மை பேபி' தட்டைத் திருப்பினால் கிடைப்பது 'டெடஸ்கோ அண்ட் பிட்மன்'. இரண்டு கிட்டார்காரர்களின் பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார்.

இப்படி ஒரு பின்பக்கத்தில் 1965இல் ஒளிந்துபோன பாட்டுதான் குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டட் லவ்'. அமெரிக்காவில் எடுபடவில்லை. எட்டு வருஷம் கழித்து ரிச்சர்ட் சியர்லிங் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவில் பழைய தட்டுகளைக் கிளறியபோது அதைக் கண்டெடுத்து வட இங்கிலாந்தின் நடனக்கூடங்களில் போட்டார். அங்கே அது தீப்பிடித்தது. 1981இல் சாஃப்ட் செல் குழு அதைப் பாடிப் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அவர்கள் செய்த அசட்டுத்தனம், பின்பக்கத்திலும் இன்னொருவர் எழுதிய பழைய பாட்டையே வைத்ததுதான். சொந்தப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தால் எழுத்துப் பங்காக நல்ல தொகை வந்திருக்கும்.

அந்த வட இங்கிலாந்து நடனக்கூடங்களின் உலகத்துக்குப் பெயர் 'நார்தர்ன் சோல்'. இந்தச் சந்தையின் தலைகீழ்க் கணக்கு முழு வீச்சில் ஓடியது அங்கேதான். விகன் ஊரில் 'விகன் கேசினோ' 1973 முதல் 1981 வரை நடந்தது. சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் தொடங்கி ஞாயிறு காலை வரை ஆட்டம். சாராயம் கிடையாது. கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் முகப்பவுடரைத் தூவுவார்கள். ஆடியவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கேட்டது, அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடி அமெரிக்காவே கைவிட்ட வேகமான பாட்டுகளை. வேறு எவரிடமும் இல்லாத தட்டு தன்னிடம் இருப்பதுதான் தட்டு சுழற்றுபவரின் மானம். எனவே லேபிள்மேல் காகிதம் ஒட்டி மறைத்து, பாடகருக்கு ஒரு பொய்ப்பெயரும் சூட்டிவிடுவார்கள். போட்டியாளர் அந்தப் பெயரைத் தேடி ஊர் ஊராக அலையட்டும் என்று!

அப்படி 'எடி ஃபாஸ்டர்' என்ற பொய்ப்பெயரில் விகனில் ஒலித்த பாட்டு 'டூ ஐ லவ் யூ'. உண்மையில் பாடியவர் ஃபிராங்க் வில்சன். மோட்டவுன் நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் கிளையில் வேலை பார்த்தவர். 1965இல் அவரே எழுதிப் பாடிய இந்தப் பாட்டை, மோட்டவுனின் 'சோல்' என்ற துணை லேபிளில் மாதிரித் தட்டுகளாக அடித்தார்கள். பாடகராக வேண்டுமா, தயாரிப்பாளராக வேண்டுமா என்று முதலாளி பெர்ரி கோர்டி கேட்டதாகவும், வில்சன் இரண்டாவதைச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. எப்படியோ வெளியீடு நின்றது, மாதிரித் தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2009இல் ஒன்று 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தொட்டது.

வில்சன் தோற்ற ஆள் அல்ல. சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் என்று பெரிய பெரிய குழுக்களுக்குப் பாட்டு எழுதினார், தயாரித்தார். எடி கெண்ட்ரிக்ஸ் பாடிய 'கீப் ஆன் ட்ரக்கின்' 1973இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதன் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். அந்தத் தட்டு இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும்.

லண்டனில் 1977இல் நடந்த கூத்து இதைவிடச் சுருக்கம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நின்று ஏ அண்ட் எம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆறே நாளில் நிறுவனம் பயந்து உதறியது. அதற்குள் அடித்து வைத்திருந்த 'காட் சேவ் த குவீன்' தட்டுகள், சுமார் 25,000, அழிக்கப்பட்டன. மிஞ்சிய சொற்பம் இன்று ஆயிரக்கணக்கான பவுண்டு. மே மாதம் வர்ஜின் நிறுவனம் அதே பாட்டை வெளியிட்டு அமோகமாக விற்றது. அதற்கு இன்று பெரிய மதிப்பில்லை.

நம் பக்கத்தில் இந்த சிங்கிள் கலாசாரம் முளைக்காததற்குக் காரணம் எளிது. இங்கே பாட்டுக்குத் தனி விலாசம் கிடையாது, படம்தான் விலாசம். கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்து வந்த ஏழு அங்குலத் தட்டிலும் பாடகர் பெயருக்கு முன்னால் படத்தின் பெயர் நிற்கும். பக்கத்துக்கு இரண்டு பாட்டு வைத்து 'இ.பி.' என்பார்கள். தோற்ற பாட்டு என்று ஒன்றைத் தனியே பிரித்துக் கொண்டாட அதில் இடமில்லை.

நார்தர்ன் சோல்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. 'அசல் தட்டு மட்டும்' என்று பல கூடங்களில் இன்றும் விதி வைத்திருக்கிறார்கள். மறுபதிப்பைப் போட்டால் முகம் சுளிப்பார்கள். ஆடுபவர்களில் எத்தனை பேர் காதால் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்? வில்சனின் பாட்டையே டாம்லா மோட்டவுன் 1979இல் பிரிட்டனில் முறையாக வெளியிட்டது. அது ஒன்றும் கிடைக்காத பொருளல்ல, ஒலியும் குறைவில்லை. வில்சன் 1976இல் மோட்டவுனை விட்டு மதபோதகராகி, 2012இல் காலமானார். பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஒரு பென்னிகூடப் போகாது. அந்த ஒரு லட்சம் பவுண்டில் அவர் குடும்பத்துக்குப் பங்கில்லை. ஏதாவது போயிருந்தால் 1979இல் கடைக்குப் போய் மறுபதிப்பை வாங்கியவர்கள் கொடுத்த சில்லறையிலிருந்துதான் போயிருக்கும்.