கப்பல் வேலை: ஆள் சேர்ப்புக் கட்டணம் யாருடைய பொறுப்பு?

உல்லாசப் பயணக் கப்பல்களின் சமையலறை, உணவகம், அறைப் பராமரிப்புப் பணிகளுக்கு இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து பெருமளவில் ஆட்கள் சேர்க்கப்படுகின்றனர். பெரும்பாலும் முகவர் நிறுவனங்கள் வழியாகவே இது நடக்கிறது. பணம் கைமாறுவதும் அங்கேதான்.

இதற்குத் தடை ஏற்கனவே உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-ஆம் ஆண்டு நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலை பெற்றுத் தருவதற்காகப் பணியாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறுவதை அது தடுக்கிறது. மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி. எனப்படும் கடலோடிப் பதிவேடு, கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவை மட்டும் பணியாளரிடம் விடலாம். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. இது மாலுமிகளுக்கான சட்டம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால், கப்பலில் உணவு பரிமாறுபவரும் இந்த உடன்படிக்கையின்படி கடலோடியே.

இந்தியா 2015-இல் இதனை ஏற்றுக்கொண்டது. ஆள் சேர்க்கும் முகவர்கள் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற வேண்டும்.

எனினும், சிக்கல் உரிமம் பெற்ற முகவருக்கும் கீழே, ஊர்த் தரகரிடம் தொடங்குகிறது. அவர் வாங்கும் தொகை பயிற்சிக் கட்டணம், ஆவணச் செலவு என்று பெயர் மாறிவிடுகிறது. பெரும்பாலும் ரசீதும் தரப்படுவதில்லை. வட்டிக்குக் கடன் வாங்கிக் கப்பலேறியவர் முதல் சில மாதங்கள் கடனுக்காகவே உழைக்க நேரிடுகிறது. கப்பலிலும் துறைமுக அதிகாரிகளிடமும் புகார் செய்யும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் புகார் செய்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்ற அச்சம் ஒருபுறமிருக்க, துறைமுகத்தில் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் அதிகாரியிடம் காட்ட அவர் கையில் ரசீதும் இல்லை.