இறைச்சிக்கா, பயணத்துக்கா? நொறுங்கிய காரை விற்கும்போது

ஜும்ஆ முடிந்து சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். மகன் ஓட்டிச் சென்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடுத்தடுப்பில் மோதி நொறுங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், பையனுக்குக் கையில் மட்டும் அடி. ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கேட்டால், காரின் இன்றைய விலையை நெருங்குகிறது. "ஹஜ்ரத், இதை அப்படியே விற்றுவிடலாமா?" என்றார்.

விற்கலாம். குறையுள்ள பொருளை விற்பதை மார்க்கம் தடுக்கவில்லை. கடைவீதியில் உணவு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. ஈரம் மேலே தெரியட்டும் என்றார்கள்.

காரில் அந்த ஈரம் எங்கே இருக்கிறது? பம்பரையும் பெயின்ட்டையும் யாரும் பார்த்துவிடுவார்கள். உள்ளே சட்டகம் வளைந்திருந்தால் வண்டி நேர்கோட்டில் ஓடாது. வெடித்த ஏர்பேக்கை மாற்றினால் போதாது, அதன் கட்டுப்பாட்டுக் கருவியையும் கவனிக்க வேண்டும். செலவுக்கு அஞ்சி, வெறும் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பொருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடியுமுன் ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால், இன்ஜினுக்குள் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். இவை எந்தக் காரிலும் ஆபத்துதான். ஆனால் வேகத்துக்கென்றே செய்த காரை வாங்குகிறவர், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுப் பையன், பைபாஸில் அதை வேகமாக ஓட்டிப் பார்க்கத்தான் வாங்குகிறான்.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் சம்பவம் ஒன்று முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அவர்களுடைய வீட்டிலிருந்து ஒருவர் ஓர் ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே விரைந்து வந்து, இது இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று விசாரிக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போக என்கிறார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீர்களே என்று ஒட்டகத்தின் உரிமையாளர் வருந்த, குறையைச் சொல்லாமல் விற்பதும், அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொல்கிறார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்கும் புரோக்கரும் மெக்கானிக்கும் கூட இதில் தப்ப முடியாது.

"உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டால்?" என்று சகோதரர் கேட்டார். ஹனஃபி மத்ஹபில் அப்படியொரு நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, உயிர்ப்பிராணியில் வெளியே தெரியாத, விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அது செல்லும் என்பதே வலுவான கருத்து. கார் உயிர்ப்பிராணி இல்லை. எந்த மத்ஹபானாலும், தெரிந்த குறையை மறைத்த பாவத்தை அந்த நிபந்தனை அழிக்காது. இவரிடம் எஸ்டிமேட் தாளே கையில் இருக்கிறது. அதையே வாங்குபவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள் என்றோம்.

இனி நாட்டுச் சட்டம். பழுதுபார்க்கும் செலவு ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸில் அதை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். 20 லட்சம் ஐடிவி என்றால் 15 லட்சம்தான் எல்லை. சிதைந்த வண்டியை நாமே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு தருவார்கள். (இன்சூரன்ஸ் தொகை பற்றிய மார்க்கச் சட்டம் தனிப் பேச்சு.)

இவருடைய காருக்கு இரண்டு பேர் விலை சொல்லியிருந்தார்கள். உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கும் புதுப்பேட்டை வியாபாரி 4 லட்சம். இன்னொருவர், ஆர்சி புத்தகத்தோடு தந்தால் ஆறரை லட்சம். காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்தாரால் வந்தது என்பார்கள். பழைய இரும்பின் விலை நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. அதே இரும்புக்கு, ஒரு தாள் சேர்ந்ததும் ஏன் இரண்டரை லட்சம் கூடுகிறது என்று கேட்டோம். நொறுங்கிய காரின் ஆர்சியையும் சேசிஸ் எண்ணையும் எடுத்து, அதே மாடல் திருட்டுக் காரில் பொருத்தி விற்கும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. பெயர் மாற்றாமல் விட்டால் சிக்கல் இன்னும் பெரிது. விற்றுவிட்ட வண்டி விபத்து செய்தாலும், ஆர்சியில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சாலைக்கே திரும்ப முடியாத வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, பதிவை ரத்து செய்ய ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். சரிசெய்து ஓட்டப்போகிறவருக்கு விற்றால், பெயர் மாற்றம் முடியும்வரை விடக் கூடாது.

ஆறரை லட்சக்காரரிடம் போனில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: ஓட்டவா, பிரிக்கவா? எதிர்முனையில் சரியான பதில் இல்லை. வண்டி 4 லட்சத்துக்குப் புதுப்பேட்டை போனது. ஆர்சியை அவரே கொண்டுபோய் ஒப்படைத்து, ரசீதை நம்மிடம் காட்டினார்.