உத்தியோக உயர்வும் மாலைப் பொழுதும்



கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் நானு ஓயாவைக் கடந்து, அம்பேவெலைப் புல்வெளிகளை ஒட்டிச் சென்று, பட்டிப்பொல என்னும் சிறிய நிலையத்தை அடைகின்றது. இலங்கையின் புகையிரத நிலையங்கள் அனைத்திலும் மிக உயரத்தில் அமைந்திருப்பது இதுவே. இதற்கு அப்பால் சிறிது தூரத்தில், கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில், இருப்புப் பாதையின் உச்சி வருகின்றது. அதன்பின் பாதை சுரங்கத்தினூடாகச் சென்று ஒஹியாவை நோக்கி இறங்கத் தொடங்குகின்றது.

தீபாவளியும் பொங்கலும் கழிந்த மறுநாட்களில் இப்பாதையிலுள்ள நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். தோட்டங்களிற் பிறந்து, படித்து, கொழும்புக் கம்பனிகளில் உத்தியோகம் பெற்ற இளைஞரும் யுவதிகளும் பெற்றோரிடம் விடைபெற்று வண்டி ஏறுகின்றனர். அவர்களுட் பலர் மனத்தில் ஒரு வினா உண்டு. வேலை நேரம் முடிந்த பின்னரும் மேலதிகாரிகளோடும் சகாக்களோடும் கூடி உண்டு, விளையாடி, அளவளாவினால்தான் உத்தியோகத்தில் உயர்வு கிட்டுமா? அங்ஙனமாயின், இல்லத்துக்கு உரிய பொழுது எது?

இவ்வினா புதிதன்று. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே மலைகளில் கம்பனிகள் தேயிலை வளர்த்து வந்திருக்கின்றன. ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். பின்னர் கோப்பிப் பயிர் நோயால் அழிய, தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. லண்டனில் ஒரு கம்பனி, கொழும்பில் அதன் முகவர் நிறுவனம், தோட்டத்தில் பெரிய துரை, அவருக்குக் கீழே சின்னத் துரை என்ற ஏற்பாடு நிலைபெற்றது. அந்த ஏற்பாட்டில் உயர்வு எவ்வாறு கிடைத்தது என்பதை ஆராய்ந்தால், இன்றைய வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே மலையும் பள்ளத்தாக்கும் கிடந்தன. சின்னத் துரை அதிகாலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து வேலை பகிர்ந்து கொடுப்பதையும், மலை மலையாக ஏறி இறங்குவதையும் கண்டவர் அவருடைய பெரிய துரை ஒருவரே. ஆனால் உயர்வு என்பது பெரும்பாலும் வேறொரு தோட்டத்தில் வெற்றிடம் ஏற்படும்போதே வாய்த்தது. அந்தத் தோட்டத்தாருக்கு இவரை யார் என்று எப்படித் தெரியும்? அதனைத் தெரிவித்த இடந்தான் கிளப். சுற்றுவட்டாரத்துத் துரைமார் ஒருங்கே கூடிய இடம் அது. விளையாட்டு மைதானத்திலும் மதுவருந்தும் அறையிலும் புதியவருடைய நடையுடை பாவனைகள் அளக்கப்பட்டன. நுவரெலியாவில் ஹில் கிளப் 1876ஆம் ஆண்டிலும், கோல்ப் கிளப் 1889ஆம் ஆண்டிலும் தோன்றின. றதல்லை, டாறவளை மைதானங்களும் துரைமாரின் விளையாட்டுக்குப் பெயர் பெற்றவை. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் இலங்கையரும் சின்னத் துரைமாராகச் சேர்க்கப்பட்டபோது, அவர்களுட் பலர் பெயர்பெற்ற பாடசாலைகளில் றகரோ கிரிக்கெட்டோ ஆடியவர்களாய் இருந்தமை தற்செயலன்று. மட்டையும் பந்தும் மைதானத்தைத் தாண்டியும் பயன்பட்டன.

யாரோடு கூடுவது என்பதற்கு விதி இருந்ததுபோல, யாரோடு கூடலாகாது என்பதற்கும் விதி இருந்தது. அதனை மீறியவருக்கு நேர்ந்ததை இலங்கையின் சரித்திரம் பதிவு செய்துள்ளது. மார்க் பிரேஸ்கேடில் என்னும் இளைஞர் 1936ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பகுதியில் றெலுகாஸ் தோட்டத்திலே தொழில் பழகச் சேர்ந்தார். துரையாக வேண்டியவர், லயத்துத் தொழிலாளரோடு நெருங்கிப் பழகினார். அவர்களுடைய குறைகளுக்குச் செவிகொடுத்தார். விளைவு, வேலைநீக்கம். அவர் சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அவரை நாடு கடத்துமாறு தேசாதிபதி கட்டளையிட்டார். அக்கட்டளை செல்லாதென உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்தது. நாடறிந்த இவ்வழக்கின் தொடக்கம் யாது? பழகக் கூடாதவரோடு ஒரு பயிலுநர் பழகினார் என்பதே.

மொழியிலும் இவ்விடைவெளியைக் காணலாம். சின்னத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கைந்நூல் அச்சிடப்பட்டது. அதன் பெயர் ‘இங்கே வா’. பழகுவதற்கு அன்றி, ஏவுவதற்கே அம்மொழி வேண்டப்பட்டது என்பதை அப்பெயரே கூறுகின்றது.

இனி, துரையின் பங்களாவுக்குள் நோக்குவோம். பல கம்பனிகளில் சின்னத் துரை மணம் புரிவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. மணமான பின்னர் மனைவியும் ஒருவகையில் கம்பனியின் ஊழியரே ஆனார், சம்பளந்தான் இல்லை. முகவர் நிறுவனத்தின் சார்பில் தோட்டத்தைப் பார்வையிட வரும் பரிசோதகர் பங்களாவிலேயே தங்குவதுண்டு. அவர் எழுதும் அறிக்கையில் கணவரின் எதிர்காலம் அடங்கியிருந்தது. ஆதலின் விருந்து சிறப்பாக அமைய வேண்டும். பேச்சு இனிமையாக அமைய வேண்டும். பிள்ளைகளோ சிறுவயதிலேயே விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளையர் பிள்ளைகள் கடல் கடந்தும் அனுப்பப்பட்டனர். மாலையில் கணவர் கிளப்பில், பிள்ளைகள் தொலைவில், பெரிய பங்களாவில் ஒரு பெண் தனியே. உயர்வுக்குக் கொடுக்கப்பட்ட விலைகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த படியில் தோட்ட உத்தியோகத்தர் இருந்தனர். கிளாக்கரும் டீமேக்கரும் கணக்கப்பிள்ளையும் துரைமாரின் கிளப்பில் அங்கத்தவராக இயலாது. லயத்தவரோடு நெருங்குவதும் மதிப்புக்குக் குறைவெனக் கருதப்பட்டது. வெள்ளையர் காலத்தில் அவர்களுடைய ஏணி பெரிய கிளாக்கர் பதவியோடு முடிந்தது. எத்துணைத் திறமை இருப்பினும், அதற்கு மேற்பட்ட படிக்கு அழைத்துச் செல்லும் கதவு மாலை வேளையில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது.

கங்காணியின் நிலை வேறு. அவருக்கு உறவே ஏணி. தமிழகத்துத் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்து, அவர்களுக்குத் தலைவரானார். தம் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குச் சில சதம் கிடைத்தது. மாமன், மச்சான் என்ற உறவு கடன் கணக்கோடு பிணைந்தது. கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி நிலவிய ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குடும்பத்தையும் தொழிலையும் முற்றாகக் கலந்துவிடுவதும் நன்மை தராது என்பதற்கு இது சான்று.

இவர்கள் எல்லோருடைய ஏணியையும் தாங்கி நின்றவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். நிரையில் நின்று பறிக்கும்போது அவர்கள் பேசிச் சிரித்ததும், ஒருவர் துன்பத்தை மற்றவர் கேட்டதும் உண்மையான தோழமை. ஆனால் அத்தோழமை அவர்களை எப்பதவிக்கும் உயர்த்தவில்லை. மேற்பார்வை ஆண்களிடமே இருந்தது. கொழுந்து நிறுத்தபின், பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கும் விறகுக்கும் அடுப்புக்கும் விரைந்தனர். அவர்களுக்கு மாலைப் பொழுது என்பதே இருக்கவில்லை. பல தோட்டங்களில் மனைவியின் கூலியையும் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது 1984ஆம் ஆண்டிலேதான்.

காலம் மாறிற்று. 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராயினர், கணக்காளராயினர், கொழும்பின் உயர்ந்த கட்டடங்களில் கணினி முன் அமர்ந்தனர். எனினும் அந்தப் பழைய கிளப்பின் நிழல் அங்கும் தொடர்கின்றது. அலுவலகம் முடிந்தபின் நடைபெறும் விருந்தும், வார இறுதிச் சுற்றுலாவும், கிரிக்கெட் ஆட்டமும் பெயரளவில் விருப்பத்துக்கு உரியவை. ஆயினும் அடுத்த பதவி யாருக்கு என்ற பேச்சு அங்கேதான் முளைவிடுமாயின், அவை விருந்தல்ல, அறிவிக்கப்படாத பரீட்சை.

அப்பரீட்சையில் தோற்பவர் யாவர்? கைக்குழந்தையை விட்டுவர இயலாத தாய், மது அருந்தாதவர், கடைசிப் பேருந்தைப் பிடித்துத் தொலைவிலுள்ள வாடகை அறைக்குப் போக வேண்டியவர், ஆங்கிலத்தில் நகைச்சுவையாகப் பேசக் கூச்சப்படுபவர். இவர்கள் வேலையிற் குறைந்தவர் அல்லர். பரீட்சை நடந்ததையே அறியாது தோற்றவர்கள்.

இதனால், சகாக்களோடு பழகுதல் தீது என்று கூற வந்தேனல்லேன். ஒன்றாக உழைப்போர் ஒருவரையொருவர் அறிதல் நன்று. மனிதர் முகம் பாராத அலுவலகம் வெறும் இயந்திரமாகும். ஆனால் பழக்கம் வேறு, பதவிக்குரிய அளவுகோல் வேறு. மேலதிகாரிகளாய் இருப்போர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். கூட்டங்களையும் உபசாரங்களையும் பகற்பொழுதில், எல்லோரும் வரக்கூடிய வேளையில் நடத்தலாம். உயர்வுக்குரிய தகுதிகளை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கலாம். விருந்துக்கு வராதவரின் வேலையைத் தாமே தேடிச் சென்று பார்க்கலாம்.

இளைஞருக்கும் ஒன்று சொல்வேன். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. அருகில் இருப்பவருக்கு வேலையில் உதவுங்கள். செய்ததை மறைவின்றி எடுத்துரையுங்கள். வாயிற்காவலர் முதல் அதிகாரி வரை அனைவரோடும் ஒரே மரியாதையுடன் பழகுங்கள். சில விருந்துகளுக்குச் செல்லுங்கள். மற்றவற்றுக்கு வர இயலாது என்று முகமலர்ச்சியுடன் கூறுங்கள். வீட்டில் காத்திருப்பவர் மேலதிகாரிக்குக் குறைந்தவர் அல்லர். மனைவியும் உத்தியோகம் பார்ப்பவராயின், எந்த மாலை யாருக்கு உரியது என்பதை இருவரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அவளுடைய மாலையே எப்போதும் விட்டுக்கொடுக்கப்படுவதாய் இருத்தல் நீதியன்று.

பட்டிப்பொலவின் குளிரில் வண்டியேற்றி விட்ட தாயும் தந்தையும், தம் பிள்ளை எத்தனையாம் படியில் நிற்கின்றான் என்பதை அறிய ஆவல் கொள்வது இயல்பே. ஆயினும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அவர்கள் முதலிற் கேட்பது, “சாப்பிட்டாயா?” என்பதுதான். அந்த அழைப்பை எடுத்து, ஆறுதலாகப் பதில் சொல்வதற்கு இடந்தராத உயர்வு எத்தகைய உயர்வு என்பதை நாம் ஒவ்வொருவரும் சிந்தித்தல் வேண்டும்.